சோடா என் தலையணையில்தான் போவான்

பூனைக்கு மண் விற்பது என் தொழில். வீட்டுப் பூனை ஒன்றுக்கு, இரண்டுக்குப் போகத் தட்டில் கொட்டி வைக்கிற மண். பாக்கெட்டில் ‘லிட்டர்’ என்று அச்சடித்திருக்கும். மஞ்சக்குப்பத்தில் என் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் பூனை மண் என்றுதான் கேட்பார்கள். வீட்டு சோபாவை மண்டிபோட்டு ஒருமுறையாவது மோந்து பார்த்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் நம்ம ஆள், உட்காருங்கள். தட்டில் போகாமல் கண்ட இடத்தில் போகும் பூனையைத் திருத்த என்னைவிட்டால் ஆளில்லை என்று கடலூரில் எனக்கு ஒரு பேர் உண்டு. அந்தப் பேர் என் வீட்டு வாசலோடு சரி.

போன வருஷம் கடைக்குள் மூன்று கூண்டுகள் வைத்தேன். ஊருக்குப் போகிறவர்கள் பூனையை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். புது இடம் என்று அது கத்தித் தீர்க்கும், மடியில் போட்டுத் தடவிக்கொடுத்தால்தான் அடங்கும். அதனால் பாதி நாள் யார் வீட்டுப் பூனையாவது என் மடியில் இருக்க, நான் வியாபாரம் பார்ப்பேன்.

தாசில்தார் வீட்டு மண்

ஓய்வு பெற்ற தாசில்தார் ஒருவர். மகள் பெங்களூருக்கு வேலைக்குப் போகும்போது பூனையை அப்பாவிடம் விட்டுவிட்டுப் போய்விட்டாள். அது அவருடைய செருப்புகளாகப் பார்த்து நனைத்துக்கொண்டிருந்தது. “தட்டு எங்க சார் வச்சிருக்கீங்க?” என்று கேட்டேன். வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் என்றார். அந்த மெஷின் கடைசிச் சுற்றில் போடும் ஆட்டத்துக்கு மனுஷனே உட்கார மாட்டான், பூனை எப்படி உட்காரும்? மாடிப்படிக்கு அடியில் வைக்கச் சொன்னேன்.

மூன்றாம் நாள் சிரித்த முகத்தோடு வந்து இன்னொரு பாக்கெட் கேட்டார். அவர் சிரிப்பைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. ஊராருக்கெல்லாம் பலிக்கிற யோசனை எனக்கு மட்டும் ஏன் பலிப்பதில்லை? அவர் பாக்கெட்டைப் பைக்குள் மறைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். “மண்ண காசு குடுத்து வாங்கறேன்னு என் சம்சாரத்துக்கு மட்டும் தெரியக் கூடாதும்மா. அவுங்க அப்பா எட்டு ஏக்கர் வச்சிருந்தவரு.”

நாலு தட்டு

இனி என் கதை. என் பூனையின் பேர் சோடா. கண்கூடத் திறக்காத குட்டியாகக் கடை ஷட்டருக்கு அடியில் கிடந்தவன். ஃபில்லரில் சொட்டுச் சொட்டாகப் பால் ஊட்டி, ராத்திரி பகல் பார்க்காமல் வளர்த்தவள் நான். என் கணவர் அவனைப் பேர் சொல்லிக்கூடக் கூப்பிட மாட்டார், “ஏய்” என்பார். சிதம்பரத்தில் ஒரு கல்லூரி ஆபீஸில் வேலை. தினமும் பஸ்ஸில் போய்ப் பஸ்ஸில் வருகிறவர். சாயங்காலம் வந்து சாய்ந்தால் போதும், சோடா அவர் தொப்பைமேல் ஏறிப் படுத்துக் கண்ணைச் சொருகிக்கொள்வான். நான் கிட்டே போனால் என்னை ஒரு தடவை மோந்து பார்ப்பான், இறங்கிப் போய்விடுவான். கொஞ்ச நேரம் கழித்து என் தலையணை நனைந்திருக்கும். அவர் தலையணை பக்கத்திலேயே காய்ந்து கிடக்கும்.

ஒரு வருஷமாக இதே கூத்து. மரத்தூள், காகிதத்தூள், எலுமிச்சை வாசம் போட்டது என்று கடையில் இருக்கிற அத்தனை மண்ணும் வீட்டுக்கு வந்தது. ஒரு தட்டு நாலாயிற்று. இவர் எனக்குத் தெரியாமல் மீன் கீன் போட்டு மயக்குகிறாரா என்று சட்டைப் பையைக்கூட மோந்து பார்த்தேன். பஸ் டிக்கெட்தான் இருந்தது. ஒருநாள் நான் தலையணை உறையை அலசிக்கொண்டிருந்தபோது அவர் வந்து நின்று ஆறுதலாகச் சொன்னார்: “மனசுல வச்சிக்காத கலை. ஒண்ணு ரெண்டு பேருக்கு ராசி இருக்காது.”

டாக்டர் கேட்டது

இப்படி என்னை ஒதுக்குவது உறவுக்காரப் பெண்ணாக இருந்தால் பேசாமல் விட்டிருப்பேன். நான் வளர்த்த பிள்ளையாயிற்றே. கூடையில் போட்டுக் கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். உங்கள் பூனையும் திடீரென்று இடம் மாற்றிப் போனால் முதலில் டாக்டரிடம்தான் போக வேண்டும். மூத்திரப் பையில் கல்லோ, எரிச்சலோ இருக்கலாம். சோடாவுக்கு ஒன்றுமே இல்லை. டாக்டர் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “பூனை நல்லா இருக்குதும்மா. நீங்க வீட்ல யார்கூடயாவது சண்டையா?”

சார்ஜா பெட்டி

லால்பேட்டையிலிருந்து ஒரு பாய் வருவார். அவருடைய மகன் சார்ஜாவில் வேலை பார்க்கிறான். வருஷத்துக்கு ஒரு மாசம்தான் வீட்டில் இருப்பான். அந்த ஒரு மாசமும் பூனை ஒழுங்காகத் தட்டில் போகுமாம். அவன் திரும்பிப் போகப் பெட்டியைத் திறந்து வைக்கிற அன்றைக்கு, மடித்து வைத்த சட்டைமேல் ஏறி உட்கார்ந்து காரியத்தை முடித்துவிடுமாம். மூன்று வருஷமாகத் தவறியதில்லை.

வாசம் போக்குகிற ஸ்ப்ரேயை எடுத்துக் கொடுத்தேன். அதன் மேல் என்ன எழுதியிருக்கிறது என்றுகூட அவர் பார்க்கவில்லை. பாட்டிலைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார். “போவாதடான்னு நானும் அவுங்க அம்மாவும் வாய் தொறந்து சொல்ல முடியல. அது அதுக்குத் தெரிஞ்ச வகையில சொல்லிடுது.”

அன்று முழுவதும் எனக்கு அந்தப் பையன்மேல் பொறாமையாக இருந்தது. அவன் சட்டைமேல் ஆசையில் போகிறது, என் தலையணைமேல் வெறுப்பில் போகிறது என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

சிதம்பரத்திலிருந்து போட்டோ

வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டியிருந்தது. பத்து நாளைக்குச் சோடாவைச் சிதம்பரத்தில் இருக்கும் என் நாத்தனார் சுமதி வீட்டில் விட்டோம். மூன்று வகை மண்ணும், தட்டும், எழுதி வைத்த குறிப்பும் கூடவே கொடுத்தனுப்பினேன். சுமதி எதையும் பிரிக்கவில்லை. பக்கத்தில் வீடு கட்டுகிற இடத்தில் ரெண்டு கை ஆற்றுமணல் கேட்டு வாங்கி, பழைய பிளாஸ்டிக் பேசினில் கொட்டினாள். அவ்வளவுதான். தினமும் காலையில் போட்டோ வரும். பேசினுக்குள் சோடா, சாது மாதிரி.

நான் இந்தத் தொழிலில் இருக்கிறேன். அவள் பூனையே வளர்த்ததில்லை. ஒவ்வொரு போட்டோவையும் பெரிசாக்கிப் பார்த்தேன், சுற்றி எங்கேயாவது ஈரம் தெரியாதா என்று. அப்படிப் பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. எட்டாம் நாள் போட்டோ இல்லை, போன் வந்தது. “சமத்தா இருக்கான் அண்ணி. உங்களுக்கும் தொந்தரவு இல்ல. பேசாம இங்கயே இருக்கட்டுமே?”

புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும்

அன்று புதன்கிழமை. போனை வைத்த கையோடு மடியில் கிடந்த பூனையைக் கூண்டில் விட்டு, கடையைச் சாத்திவிட்டுச் சிதம்பரம் பஸ் ஏறினேன். சோடா ஓடி வந்தான். என் முந்தானையை மோந்தான், கையை மோந்தான். பிறகு நான் கீழே வைத்த கைப்பைமேல் ஏறி நின்று, என் கண்ணைப் பார்த்துக்கொண்டே நனைத்தான். சுமதி வீட்டில் எட்டு நாளில் அவன் தட்டுக்கு வெளியே போனது அதுதான் முதல் தடவை. திரும்பி வருகிற பஸ்ஸில் பையை மடியில் வைக்க முடியாமல் காலடியில் வைத்துக்கொண்டு அழுதேன். விட்டுவிடலாம் என்றே முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. கூண்டில் ஒரு பூனையும் இல்லை. தலைக்குக் குளித்து, பீரோவிலிருந்து துவைத்த புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு, கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று இவரோடு போனேன். நாற்காலியில் உட்கார்ந்ததுதான் தெரியும். சோடா வந்து மோந்து பார்த்தான், மறுபடியும் மோந்தான், இவரைத் தாண்டி என் மடியில் ஏறிச் சுருண்டுகொண்டான். ஒரு வருஷம் கழித்து என் மடியில். நான் மூச்சுக்கூடச் சத்தமாக விடவில்லை. இவர் “ஏய்” என்று கூப்பிட்டார். அவன் தலையைத் தூக்கவே இல்லை. நான் அடைந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

சுமதி காபி டம்ளரோடு வந்தவள் அப்படியே நின்றாள். என்னையும் பூனையையும் மாறி மாறிப் பார்த்தாள். “அண்ணி, புதன்கிழமை அந்தக் கடைப் பூனைங்கள கொஞ்சிட்டு அதே புடவையோட வந்தீங்க. தெனமும் அப்படித்தான வீட்டுக்குப் போறீங்க? எங்க அண்ணன் தெனம் வேற யார் வாசத்தோடவோ வந்து படுத்தா, நீங்க தலையணைய சும்மா விடுவீங்களா?”

சோடாவைக் கூடையில் போட்டு அன்றைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போதெல்லாம் சாயங்காலமானால் கடைப் பின்கட்டில் முகம் கை கால் கழுவி, புடவை மாற்றி, எதிலாவது ஒரு முடி ஒட்டியிருக்கிறதா என்று உதறிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுப் படி ஏறுகிறேன், கட்டின புருஷனுக்குக்கூட நான் இத்தனை பயந்ததில்லை.