மீட்டரில் நாற்பதுதான் காட்டியது

மலை ரோட்டுக்கு உயரமாக இருக்கட்டும் என்று, புதுக் காருக்கு ஷோரூமிலேயே பெரிய டயர் மாட்டிக்கொடுத்தார்கள். ஜவ்வாது மலையிலுள்ள அக்கா வீட்டிலிருந்து ஆலங்காயத்துக்கு இறங்கும்போது, "வேகமா போறீங்க" என்றேன். நான் தினமும் பஸ்சில் வேலைக்குப் போய்வரும் பாதை அது. கணவர் மீட்டரைக் காட்டினார். "நாப்பதுதான். உனக்கு இன்னா தெரியும்?"

அடுத்த வளைவில் கார் தடுப்புச் சுவரில் உரசிக்கொண்டே போய் நின்றது. பின்சீட்டில் இருந்த சாமை மூட்டை என் முதுகுப் பக்கம் வந்து மோதியது. சுவருக்கு அப்பால் பள்ளம்.

"பெரிய டயர் போட்டா மீட்டர் கம்மியாத்தாங்க காட்டும்" என்றார்கள் ஷோரூமில், சாதாரணமாக. விற்கும்போது ஒருவரும் வாய் திறக்கவில்லை. பழைய டயரையே மாட்டிவிட்டோம். 'நீ சொன்னது சரி' என்று மட்டும் கணவர் இன்றுவரை சொல்லவில்லை.

வாசலில் கார் இருக்கிறது. எவ்வளவு நேரமானாலும் நான் பஸ்சுக்குத்தான் நிற்கிறேன்.