விழுந்துகொண்டே போகும் வெளிச்சம்

என் கணவர் திண்டிவனத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் வேலை செய்கிறார். விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவார். வந்ததும் குளித்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவதுதான் வழக்கம். போன பங்குனியில் அது மாறியது. சில நாள் மட்டும் சீக்கிரமே வந்து, காபியைக்கூடக் குடிக்காமல் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடுவார். கேட்டால் காற்று வாங்கப் போனதாகச் சொன்னார்.

பகலெல்லாம் வெயிலில் காய்ந்த மாடித் தரை பொழுது சாய்ந்த பிறகும் காலைச் சுடும். அங்கே என்ன காற்று?

நான் எதையும் லேசில் நம்புகிறவள் இல்லை. சேலையைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்காமல் வாங்க மாட்டேன். தர்பூசணியை அறுத்துக் காட்டினாலும், அதே பழத்தைத்தான் பையில் போடுகிறாரா என்று கடைக்காரர் கையைப் பார்ப்பேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒட்டினாற்போல ஒரு மாடி வீடு. அதில் தை மாதம் ஒரு நர்ஸ் குடிவந்திருந்தாள். கணவன் வெளிநாட்டில். சாயங்காலம் மாடிக்கு வந்து துணி எடுப்பாள். என் கணவர் அந்தப் பக்கம் பார்த்துத்தான் நிற்கிறார் என்பதைக் கொல்லையிலிருந்து ஒருநாள் பார்த்துவிட்டேன். அதைவிட, அந்தப் பெண் திடீரென்று மாடிக்கு வருவதையே நிறுத்தியிருந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றிவிட்டது.

அடுத்த முறை அவர் போனபோது செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னாலேயே ஏறினேன். எதிர் மாடியில் யாரும் இல்லை. அவர் அண்ணாந்து நின்றிருந்தார். செல்போன் டவருக்கு மேலே ஒரு வெளிச்சம், எந்த நட்சத்திரத்தையும்விடப் பளிச்சென்று, மினுங்காமல், சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. திரும்பி என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டார்.

அது விண்வெளி நிலையம், அதற்குள் ஆட்கள் இருக்கிறார்கள் என்றார். எந்த நாள், எந்தத் திசையில் வரும் என்று போனில் ஒரு ஆப் சொல்லுமாம். விமானமாக இருக்கும் என்றேன். விமானமென்றால் விளக்கு அணைந்து அணைந்து எரியும் என்றார். போனை வாங்கிப் பார்த்தேன். ஆப் இருந்தது. வேறு ஏதாவது இருக்கிறதா என்றும் தேடினேன். இல்லை.

"அவ்ளோ பெரிசுன்றீங்க. ஆளுங்க வேற இருக்காங்கன்றீங்க. அப்ப ஏன் கீழ விழல?"

"வேகமா போய்க்கினே இருக்குதில்ல, அதான்."

வேகமாக எறிந்த கல்லும்தான் விழுகிறது என்றேன். யோசித்துவிட்டு, அந்த உயரத்தில் பூமி இழுக்காதோ என்னவோ என்றார். ஒரே கேள்விக்கு இரண்டு பதில். என் சந்தேகம் இன்னும் கெட்டியானது.

என் தம்பி கண்டமங்கலத்தில் இருக்கிறான். பாண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். மறுநாள் அவனுக்குப் போன் செய்து, விஷயத்தைச் சொல்லாமல் பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டேன்.

"அது விழாம இல்லக்கா. விழுந்துகினேதான் இருக்குது" என்றான்.

அங்கேயும் பூமி இழுக்கத்தான் செய்கிறதாம், இங்கே இருப்பதைவிடக் கொஞ்சம்தான் குறைச்சலாம். தண்ணீர் டியூபை மட்டமாகப் பிடித்தால் தண்ணீர் பக்கத்திலேயே விழும், வாயைக் கட்டைவிரலால் அழுத்தினால் தள்ளிப் போய் விழும் என்றான். விழுவது நிற்பதில்லை, விழுவதற்குள் போகும் தூரம்தான் கூடுகிறது. அப்படியே வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால், அது எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவு பூமியும் அதற்கடியில் வளைந்து இறங்கிவிடும். உருண்டைதானே? விழுந்துகொண்டே இருக்கும், தரை மட்டும் கிட்டாது. மாமா பஸ்ஸில் ஒரு மணி நேரம் போகிற திண்டிவனத்துக்கு அது ஐந்து செகண்டில் போய்விடும் என்றான்.

சொல்லக் கேட்டால் போதுமா? மாடியைக் குளிரவைக்க ஒரு டியூப் வைத்திருந்தோம். அன்று சாயங்காலமே அதைத் திறந்தேன். முதலில் காலடியில் விழுந்தது. அழுத்தினேன், கைப்பிடிச் சுவர்வரை போனது. இன்னும் அழுத்தினேன். சுவரைத் தாண்டிப் போய், பல நாள் கழித்து அன்றுதான் துணி வாளியோடு மாடிக்கு வந்த நர்ஸ் மேல் விழுந்தது.

அவள் சத்தம் போடவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தெரியாம பண்ணீங்களா, வேணும்னே பண்ணீங்களாக்கா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி எனக்கு விளங்கவில்லை. பேச்சுக் கொடுத்தேன். எங்கள் வீட்டு ஆள் போனை வைத்துக்கொண்டு தன் மாடியைப் பார்த்து நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறாள். வீடியோ எடுக்கிறார் என்று பயந்து துணியை வீட்டுக்குள்ளேயே உலர்த்தியிருக்கிறாள். இப்போது நானும் சேர்ந்து விரட்டுவதாக நினைத்துவிட்டாள். நான் அவளைப் பற்றி நினைத்திருந்ததை மட்டும் சொல்லாமல், மற்றதையெல்லாம் சொன்னேன். அவளும் நம்பவில்லை. நேரில் காட்டச் சொன்னாள்.

கணவரிடம் சொன்னேன். அந்தப் பக்கம் ஆள் இருந்ததையே அவர் கவனித்திருக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு போய், அவள் வீட்டு வாசலுக்கு வெளியே நின்றே மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார்.

அடுத்த முறை மூன்று பேரும் எங்கள் மாடியில் நின்றோம். ஆப்பை நர்ஸே தன் போனில் போட்டுப் பார்த்தாள். அது சொன்ன இடத்தில்தான் வெளிச்சம் ஏறியது. அது மறைகிறவரை பார்த்துவிட்டு, ஒரு நாளும் விழவே விழாதா என்று கேட்டாள். தம்பிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அங்கேயும் துளி காற்று இருக்கிறது, அது உரசி உரசி வேகம் குறைந்து நிலையம் மெல்லக் கீழே இறங்கும், அவ்வப்போது எஞ்சினை இயக்கி மேலே தள்ளுகிறார்கள், சும்மா விட்டால் ஒருநாள் வந்து விழும் என்றான்.

அப்போதுதான் நான் நம்பினேன். விழவே விழாது என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

நர்ஸ் போன பிறகு, இதை முதலிலேயே என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று அவரைக் கேட்டேன்.

"சொன்னா நீ நோண்டி நோண்டி கேப்ப. எனக்கு பதில் தெரியாது. பாக்க நல்லா இருந்திச்சு, பாத்தேன்."

அந்தப் பெண் மறுபடி மாடியில் துணி உலர்த்துகிறாள். வெளிச்சம் வருகிற நாட்களில் அவர் என்னையும் கூப்பிடுகிறார். அது மறையும்வரை எதுவும் கேட்கக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. முடிந்தவரை வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன்.