இடது புருவம்

இன்று காலை பல் விளக்கிக் கொப்பளித்தபோது தண்ணீர் வாயின் இடது ஓரமாக ஒழுகியது. கண்ணாடியில் பார்த்தேன். பாதி முகம் தொங்கிப்போயிருந்தது.

என் மனைவி செல்வி எட்டிப் பார்த்தாள்.
“என்னங்க, வாய் ஒரு பக்கமா போகுது.”

ரெண்டு பேருமே அந்த நோயின் பெயரைச் சொல்லவில்லை. அப்பா பக்கவாதத்தில் விழுந்தபோது அவருக்கு என் வயதுதான், நாற்பத்து நான்கு.

எங்கள் ஊர் சிடாம் கிரியிலிருந்து சுங்கைப்பட்டாணி டவுன் கிளினிக் வரை செல்விதான் காரை ஓட்டினாள். நான் கைகளை மாறி மாறித் தூக்கிப் பார்த்தபடி வந்தேன்.

“தூக்க முடியுதா?”
“முடியுது லா.”

பேச்சு குழறியது. அதில் இன்னும் பயந்தோம்.

டாக்டர் இளம்பெண். கை, கால், ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்துவிட்டு, “அண்ணே, ரெண்டு புருவத்தையும் தூக்குங்க” என்றார்.

வலது புருவம் மட்டும் ஏறியது.

“இடது பக்கம் நெத்தி சுருங்கல. நல்லது.”

“நல்லதா டாக்டர்?” என்று கேட்கும்போதே செல்வி அழுதுவிட்டாள்.

“ஸ்ட்ரோக்னா பெரும்பாலும் நெத்தி சுருங்கும்க்கா. இது முகத்து நரம்பு வீக்கம். மருந்து சாப்பிட்டா சில வாரத்துல பெரும்பாலும் சரியாயிடும். ஆனா எதுன்னு வீட்டுல கண்டுபிடிக்க முடியாது. உடனே வந்தீங்க பாருங்க, அதான் சரி.”

மாத்திரையும் கண்ணுக்குச் சொட்டு மருந்தும் தந்தார். இடது கண் மூடாததால் தூங்கும்போது இமையை டேப் போட்டு ஒட்டி வைக்க வேண்டுமாம்.

பசாரில் என்னைப் பார்ப்பவர்கள் கோபப்பட வேண்டாம். முறைக்கவில்லை, பாதி முகத்தால்தான் சிரிக்கிறேன்.

இது வந்து குணமானவர்கள் இருந்தால் எத்தனை நாளானது என்று எழுதுங்கள். டாக்டர் சொன்னதைச் செல்வி இன்னும் முழுதாக நம்பவில்லை. நானும்தான்.