ருக்குமணியம்மா கழித்த மூன்று கிலோ

யாருமே நம்பாத ஒரு கதையைச் சொல்லப்போகிறேன் என்று, மஞ்சூரில் பச்சைத் தேயிலை எடை போடும் ஷெட்டுக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் நான், கொதிக்கிற பாய்லர் மேல் கைவைத்துச் சத்தியம் செய்கிறேன்.

நேற்றுக் காலை என் அக்கா மகள் சுமதி போன் செய்தாள். "மாமா, ருக்குமணியம்மா போயிட்டாங்க." நீலகிரி மாவட்டமே ஒரு மணி நேரம் அசையாமல் நின்றிருக்க வேண்டும். ஏனோ பஸ்கள் ஓடிக்கொண்டிருந்தன.

அம்மையார் எங்கள் ஷெட்டில் இலை எடை போட்டவர். தேயிலை விலை விழுந்து கிடந்த காலம் அது. ஈரம் இருந்தால் ஃபேக்டரி இலையைத் திருப்பிவிடும். அம்மையார் மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி அழுத்திப் பார்த்து, "மூணு கிலோ தண்ணி, கழிச்சாச்சு" என்பார்.

"உங்க கை என்ன பஞ்சாங்க, இப்படி உறிஞ்சுது?" என்று பெண்கள் சண்டைக்கு வருவார்கள். குந்தா அணையையே தராசில் வைத்தாலும் தண்ணீரைக் கழித்துச் சிமெண்டுக்கு மட்டும் எடை எழுதுவார் என்பேன் நான். "உங்க பேச்சுக்கு மூட்டையவே கழிக்கோணுங்க தம்பி" என்பார்.

அந்த வருஷ மழைக்காலத்தில், தாயில்லாத சுமதி ஏழு மாதக் கர்ப்பிணியாக என் வீட்டில் இருந்தாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்குச் சிறுநீரகக் கோளாறு. இப்போது ரத்த அழுத்தமும் சேர்ந்திருந்தது. குன்னூர் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "முகம் வீங்கினா, தலை வலிச்சா, கண்ணு மங்கினா அன்னைக்கே வரணும். ரெண்டு உயிரு, ஞாபகம் வச்சுக்குங்க."

வாராவாரம் பிரஷர் பார்த்த எஸ்டேட் நர்சை ஆட்குறைப்பில் அனுப்பிவிட்டார்கள். ஆகவே மேதாவியான நான், சனிக்கிழமைதோறும் சுமதியை இலைத் தராசில் ஏற்றினேன். எடை கூடக்கூட என் சமையலுக்குப் பெருமை!

அந்தச் சனிக்கிழமை, ஒரே வாரத்தில் மூன்று கிலோ.

"பாத்தீங்களா! அடுத்த வாரம் தராசு பூமிக்குள்ள போயிரும்!" என்று முழங்கினேன்.

அம்மையார் சிரிக்கவில்லை. குனிந்து, சுமதியின் கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். பள்ளம் விழுந்தது. விழுந்த பள்ளம் எழவில்லை.

"இது சோறு இல்லீங்க தம்பி. தண்ணி." பிறகு மெதுவாக, "அம்மிணி, தலை வலிக்குதா?"

"ரெண்டு நாளாங்க. குளிருன்னு நெனச்சேன். காலைல இருந்து கண்ணு முன்னால மின்னி மின்னிப் போகுது."

அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம். எதிரே நின்றது, நாளுக்கு ஒரே நடை போகும் இலை லாரி.

"மூட்டையெல்லாம் எறக்குங்க. பாரத்தோட போனா வளைவுல லாரி ஊரும்" என்றார் அம்மையார்.

டிரைவர் தயங்கினார். "இலை மூட்டைக்குள்ளயே சூடேறி வெந்து வீணாப் போயிருமுங்க. மேனேஜர் கேட்டா?"

"நான் கழிச்சுட்டேன்னு சொல்லுங்க."

மூன்று கிலோவுக்கு மல்லுக்கட்டிய அதே பெண்கள், தங்கள் மூட்டைகளைத் தாங்களே மழையில் இறக்கிப் போட்டார்கள்.

லாரி மலையை விட்டுக் கிளம்பி, மேகத்தில் சக்கரம் பதித்து, மூன்று கழுகுகளை ஓவர்டேக் செய்தது. அம்மையார் சுமதியைச் சாய்த்துப் பிடித்தபடி வளைவுக்கு வளைவு, "அம்மிணி, பேசு" என்றார். ஒரு வளைவில் பதில் இல்லை. அடுத்த வளைவும் வந்தது.

"ம்..." என்றாள்.

குன்னூரில் டாக்டரம்மா பிரஷரை இரண்டு முறை பார்த்தார். நர்சுகள் ஓடினார்கள். வலிப்பு வராமலிருக்க ஊசி, மாலையே ஆபரேஷன். "நாளைக்கு வந்திருந்தா நான் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது" என்றார் என்னிடம்.

கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த பெண் குழந்தையை அம்மையார் வெகுநேரம் பார்த்தார். "ஒண்ணரை கிலோ. கழிக்க ஒண்ணுமில்லீங்க."

இலை வீணானதற்கு அவரை ஒரு வாரம் வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். திரும்பி வந்த அன்று, முதல் மூட்டையிலேயே நாலு கிலோ கழித்தார்.

நேற்று அவர் காலடியில் சுமதியும், இப்போது அவளைவிட உயரமாகிவிட்ட மகளும் உட்கார்ந்திருந்தார்கள். நான் அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றேன். இலைக்கறை போகாத விரல்.

அம்மா, போகிற வழியில் இந்தக் கதை மூட்டையையும் அழுத்திப் பாருங்கள். கழுகைக் கழியுங்கள், மேகத்தைக் கழியுங்கள், என் முழக்கத்தையும் கழியுங்கள். கடைசியில் ஒரு விரலகலப் பள்ளம் மிஞ்சும். அது மட்டும் நிஜம்.