மடங்காத முட்டியோடு நின்று கேட்டேன்

சுதந்திரம் வந்த மறுவருஷம் ஆடிக் காற்றில், சந்தையில் விற்கத் தலையில் கருவாட்டுக் கூடையோடு பாம்பன் கரையில் வந்துகொண்டிருந்தேன். கால் சேற்றில் மாட்டிக்கொண்டது. உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. முட்டிக்குள் 'டப்'பென்று ஒரு சத்தம். நாட்டு வைத்தியர் முட்டை வெள்ளையும் உளுந்தும் குழைத்துக் கட்டினார். வீக்கம் வடிந்தது. ஆனால் சுமையோடு மணலில் நடந்தால் முட்டி நழுவி ஆளையே தள்ளிவிடும். வருஷங்கள் இப்படியே ஓடின.

என் வீட்டுக்காரரின் தங்கை செசிலி ஒருநாள் சொன்னாள்: "மதினி, சந்தையில உங்க இடத்தை எம் மகளுக்கு விட்டுக் குடுங்க. நொண்டிக் கோழிக்கு எதுக்குச் சந்தை?"

"நொண்டினாலும் கொத்தத் தெரிஞ்ச கோழிடி நானு!"

வாய்தான் சொன்னது. அந்த இடம் போனால் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஏது?

எங்கள் கரையில் பெரிய காரியம் கேட்கிறவர்கள், கடற்கரையிலிருந்து மாதா கோயில் பீடம் வரை முழங்காலாலேயே நடந்து போவார்கள். நானும் நேர்ந்துகொண்டேன். முட்டி சுகமாக வேண்டுமென்று அந்த முட்டியாலேயே சுடுமணலில் நடந்தேன்! ஆழம் தெரியாமல் காலை விட்ட கதைதான். பீடத்தைத் தொட்டபோது முட்டி தேங்காயாய் வீங்கியிருந்தது. அதன்பின் மண்டியிடவே முடியவில்லை.

"விசுவாசம் பத்தல மதினி" என்றாள் செசிலி. "முழந்தாளிடாத செபம் மேல ஏறாதும்மா" என்றார், கோயிலில் செபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஞாயிறு பூசை முடிந்து எல்லாரும் போனபின் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "ஆண்டவரே, இனி இந்த முட்டியைத் தேய்க்கமாட்டேன். நின்றுதான் கேட்பேன். நீர் வழி காட்டும்வரை நகரமாட்டேன். அழுத பிள்ளைக்குத்தானே பால்? இதோ அழுகிறேன்!"

போட்ட சத்தத்தில் பூசை வைத்த சாமியாரே வந்துவிட்டார். திட்டுவார் என்று பார்த்தேன். கதையைக் கேட்டவர், "நாளைக்கு மதுரைக்குப் போறேன். எலும்பு டாக்டர் ஒருத்தரைத் தெரியும். வாரியாம்மா?" என்றார். இதைவிடப் பதில் வேறென்ன வேண்டும்?

டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: "முட்டி எலும்பை உள்ள பிடிச்சிருக்கிற நார் கிழிஞ்சு நாளாச்சு. ஆபரேஷன் பண்ணலாம், உறுதி சொல்ல முடியாது. முட்டியைச் சுத்தித் தோல்ல பட்டை கட்டலாம், மணல்ல அவ்வளவா உதவாது. தொடைச் சதையைப் பலமாக்கினா அது முட்டியைத் தாங்கும். முதல்ல அதைச் செய்யி. ஏலாட்டி ஆபரேஷன். மண்டி மட்டும் போடாத."

கணுக்காலில் மணல்பையைக் கட்டி, பெட்டிமேல் உட்கார்ந்து காலை நீட்டி நீட்டித் தூக்கினேன். "என்னக்கா, காலாலயே மணல் நிறுக்கிறியா?" என்று தெருவே சிரித்தது. சிரிக்கட்டும். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகருமே! முதலில் வெறுங்கூடை, பிறகு பாதிக் கூடை, பாஸ்குத் திருநாள், அதான் ஈஸ்டர், வந்தபோது முழுக்கூடை. முட்டி நழுவவில்லை.

நான் போகாத மாதங்களில் சந்தையில் என் இடத்தைச் செசிலி மகள் பிடித்து உட்கார்ந்திருந்தாள். "எந்திரி தாயி. இடத்தைச் சூடா வச்சிருந்ததுக்குப் புண்ணியமாப் போகும்" என்றேன். அவளே சிரித்துவிட்டாள்.

முழுச்சுகம் என்று பொய் சொல்லமாட்டேன். கிழிந்தது கிழிந்ததுதான். ஆனாலும் நடக்கிறேன், சுமக்கிறேன், ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். ஊர் முகத்தைப் பார்த்துச் செபித்தவள், இப்போது அவர் முகத்தைப் பார்க்கிறேன்.

நோயில் கிடக்கிற சகோதரிகளே, மண்டியிட முடியாவிட்டால் நின்று கேளுங்கள். நிற்க முடியாவிட்டால் படுத்துக் கேளுங்கள். அவர் வைத்தியரை அனுப்பும்போது, அதிசயம்தான் வேண்டுமென்று கதவைச் சாத்திவிடாதீர்கள்.