ஜார்லத் கொனாட்டனும் பெட்டி எஞ்சினும்

ஹார்லெம் ஆற்றின் பிராங்க்ஸ் கரையில் இருந்த எங்கள் யார்டுக்கு வேறு எந்தத் தண்டவாளத்தோடும் தொடர்பு கிடையாது. சரக்கு வேகன்கள் நியூ ஜெர்சியிலிருந்து தட்டைப் படகுகளில் ஏறி, இழுவைப் படகின் இடுப்பில் ஒட்டிக்கொண்டு மிதந்து வரும். அவற்றைக் கரையேற்றி, கிடங்குகளின் முன்னால் நிறுத்தி, காலியானவற்றை மறுபடி படகில் ஏற்றி அனுப்புவோம். இவ்வளவுக்கும் இருந்தது ஒரே ஒரு குட்டி நீராவி எஞ்சின். அதன் டிரைவர் ஆட்டோ ஷ்ரைபர், ஜெர்மன்காரர். பாய்லர் அடுப்புக்குக் கரி போடும் ஃபயர்மேன் ஜார்லத் கொனாட்டன், என்னைப் போலவே ஐரிஷ்காரர். வேகன்களைக் கோர்ப்பதும் கழற்றுவதும் என் வேலை.

ஜார்லத் கால்வேயிலிருந்து கப்பலேறி வந்தபோது அவருக்கு மீசைகூட முளைத்திருக்கவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அது இரண்டு காதுகளையும் தொடப் பார்த்தது. முகத்தில் கரி படிந்திருக்கும். அதில் மீசை மட்டும் இன்னும் கறுப்பாகத் தெரியும். கல்யாணம் ஆகவில்லை. வில்லிஸ் அவென்யூ பக்கம் ஒரு வாடகை அறை. குனிந்து நிமிரும்போதெல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொள்வார். இருமல் நிரந்தரம். ஆனால் பாய்லரின் அழுத்தமுள் கொஞ்சம் இறங்கினாலும் அவருக்கு முகம் வாடிவிடும்.

யார்டின் வேலிக்கு அந்தப்பக்கம் நுன்சியா பெல்லோமோ சலவைத் தொழில் நடத்திவந்தாள். இத்தாலியக்காரி. புருஷன் சுரங்கப்பாதை தோண்டும் வேலையில் மண் சரிந்து செத்துப்போனான். அவள் அழுது முடித்துவிட்டு நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு தெரு முழுவதற்கும் துணி துவைக்க ஆரம்பித்தாள். வேலியோரமாக வரிசை வரிசையாகக் கொடிகள். காற்று ஆற்றுப்பக்கமிருந்து அடித்தால் எங்கள் புகை நேரே அவளுடைய படுக்கை விரிப்புகள்மேல்தான் போய் உட்காரும்.

"யோவ் கரிமூஞ்சி! அது என்ன, எஞ்சினா சுடுகாடா? டாக்டர் வீட்டு விரிப்பு இது. இப்ப இதை உன் தலையில போட்டுத் துவைக்கட்டுமா?"

"போடு சின்யோரா, போடு. நான் குளிச்சும் ரொம்ப நாளாச்சு."

"அது தெரியுது. காத்து இந்தப் பக்கம் அடிக்கிறப்ப நல்லாவே தெரியுது!"

சலவைப் பெண்கள் சிரிப்பார்கள். ஜார்லத் தொப்பியை எடுத்து ஒரு கும்பிடு போடுவார். இந்தச் சண்டை நடக்காத நாளில் எங்களுக்கே ஏதோ குறைவது போலிருக்கும்.

நகரத்துக்குள் இனி நீராவி எஞ்சின் ஓடக்கூடாது என்று சட்டம் வந்தது. புகைக்கு எதிராகத் தெருத்தெருவாகக் கையெழுத்து வாங்கியவர்களில் நுன்சியாவும் ஒருத்தி. பெரிய பாதைகளில் மின்சாரக் கம்பி இழுத்துவிட்டார்கள். எங்கள் யார்டு மாதிரி ஒரு மூலைக்குக் கம்பி இழுத்துக் கட்டுபடியாகுமா? அதனால்தான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்தாம் வருடக் கடைசியில், ஒரு தட்டைப் படகில், தார்ப்பாய் போர்த்தி அந்தப் புது எஞ்சின் வந்து இறங்கியது.

தார்ப்பாயை எடுத்ததும் நாங்கள் சிரித்துவிட்டோம். புகைபோக்கி இல்லை, பாய்லர் இல்லை. முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று தெரியவில்லை. சக்கரம் வைத்த ஒரு இரும்புப் பெட்டி, பக்கவாட்டில் ஜன்னல்கள், கூரைமேல் தண்ணீர் ஆற வளைந்து வளைந்து ஓடும் குழாய்கள், அவ்வளவுதான்.

"இது எஞ்சினா? ரொட்டிக்கடைக்காரன் அலமாரியைத் தப்பா இங்க இறக்கிட்டான்யா" என்றார் ஜார்லத்.

அதோடு வந்த மெக்கானிக் விளக்கினார். உள்ளே இருக்கும் எண்ணெய் எஞ்சின் சக்கரத்தைத் தொடுவதே இல்லை. அது ஒரு டைனமோவைச் சுற்றும். டைனமோ தரும் மின்சாரம் அச்சுகளில் இருக்கும் மோட்டார்களைச் சுற்றும். மின்சார நிலையத்தையே முதுகில் சுமந்துகொண்டு ஓடுகிற மாதிரி. ஆட்டோ எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, ஃபயர்மேன் எங்க உக்காருவான்?" என்று கேட்டார்.

மெக்கானிக் தார்ப்பாயை மடிக்கத் தொடங்கினார். ஜார்லத் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சோதனைக்கு மேலதிகாரி ஒரு மோசமான வேளையைத்தான் தேர்ந்தெடுத்தார். கடல் உள்வாங்கி ஆற்றில் நீர் வற்றும்போது படகு தாழ்ந்துவிடும். படகையும் கரையையும் இணைக்கும் பாலம் செங்குத்தாகச் சரியும். அந்த ஏற்றத்தில் எங்கள் பழைய எஞ்சின் சக்கரம் வழுக்கும். மணல் போட்டு, பின்வாங்கி, மறுபடி முட்டி, ஒரு பாடு படுத்தித்தான் வேகன்களை மேலே கொண்டுவரும். அன்று படகு நிறைய மாவு மூட்டை வேகன்கள். வேலியோரத்தில் தெருவே கூடிவிட்டது. சலவைப் பெண்கள் ஈரக்கையோடு நின்றார்கள்.

"என்ன ஜார்லத்து, இழுக்குமா?" என்று கேட்டேன்.

"இதுவா? இது இழுத்துச்சுன்னா என் மீசையை எடுத்துடறேன்."

வேலிக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. "எல்லாரும் கேட்டுக்கங்க! சாட்சி இருக்கு!"

பெட்டிக்குள் ஏதோ இருமியது. பிறகு ஒரே சீரான உறுமல். ஆட்டோ ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு கைப்பிடியை ஒவ்வொரு பல்லாக நகர்த்தினார். வேகன்களின் கோர்வைகள் ஒவ்வொன்றாக இறுகும் சத்தம் கேட்டது. பெட்டி அவசரப்படவில்லை. நிறைமாதப் பசு மாதிரி மெதுவாக, ஒரு சக்கரமும் வழுக்காமல், முழு வரிசையையும் மேட்டில் ஏற்றிக் கரையில் கொண்டுவந்து நிறுத்தியது. கூரையிலிருந்து லேசாக ஒரு நீலப் புகை எழுந்து கரைந்தது.

தெரு ஆரவாரித்தது. நுன்சியா ஈர விரிப்பு ஒன்றைத் தலைக்கு மேலே சுழற்றினாள். ஜார்லத் பழைய எஞ்சினிடம் போனார். அதன் பாய்லர் இன்னும் சூடாக இருந்தது. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

மறுநாள் காலை அவர் யார்டுக்கு வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. மீசை இல்லை. கரி படியாத மேலுதடு, பால் மாதிரி வெளுத்துக் கிடந்தது.

"யாரு கேட்டா உன்னை, வேலியில நின்னு கத்தின பொம்பளைக்காகவா?" என்றேன்.

"சொன்னேன்ல. சொன்னா செய்யணும்" என்றார்.

மேலதிகாரி அவரைக் கூப்பிட்டு, நியூ ஜெர்சிப் பக்கம் நீராவி எஞ்சின்கள் இன்னும் ஓடுகின்றன, அங்கே இடம் தருகிறோம் என்று சொன்னார். நகரத்தின் எல்லைக்கு வெளியே அந்தச் சட்டம் கிடையாது. ஆனால் அங்கே அவர் புதுசு. பெரிய எஞ்சின், பெரிய அடுப்பு, அந்த இடுப்போடு. ஜார்லத் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

அவர் புறப்பட இரண்டு மூன்று நாள் இருக்கும்போது நுன்சியா ஒரு தட்டு நிறைய வறுத்த மிளகாயும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு யார்டுக்குள் வந்தாள். புகை ஒழிந்த சந்தோஷம். ஆட்டோவிடம் நீட்டினாள். ஆட்டோ வாங்கிக்கொள்ளவில்லை.

"இதை நீங்க குடுக்க வேண்டியது எனக்கு இல்லைங்க" என்றார். "திங்கட்கிழமை காலையில உங்க துணியில எப்பவாச்சும் கரி விழுந்திருக்கா?"

நுன்சியா யோசித்தாள். "திங்கட்கிழமை... இல்ல. திங்கட்கிழமை காத்து நமக்கு நல்லா அடிக்கும்."

"காத்துக்குக் கிழமை தெரியுமா? உங்க பெரிய துவைப்பு அன்னிக்குத்தான்னு ஜார்லத்துக்குத் தெரியும். அந்தக் கோடியில வைக்கோல் கிடங்குக்குப் பின்னால நிறுத்தச் சொல்லுவான். அங்கயே மாங்கு மாங்குன்னு கரி போட்டு, புகையெல்லாம் போக விட்டு, நெருப்பு தெளிஞ்சப்புறம்தான் உங்க வேலிப்பக்கம் வரலாம்பான். எனக்கு அது பிடிக்காது, நேரம் ஆகும். வேண்டாம்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவான்."

"இத எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க திட்ட மாட்டீங்களே."

அவள் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு நேராகக் கரிக்கொட்டகைக்குப் போனாள். ஜார்லத் தன் மண்வாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் தட்டோடு பின்னாலேயே போனேன். அதைக் கீழே வைக்க இடமில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.

"பக்கத்துல பெரிய சலவைக் கடை ஒண்ணு பேசி முடிச்சிருக்கேன்" என்றாள். "பின்னால பாய்லர் இருக்கு. பழைய ஆளு அதைப் பாத்துப் பயந்துதான் வித்துட்டுப் போறான். எனக்கும் பயமாத்தான் இருக்கு. நீங்க வந்து பாத்துக்கிறீங்களா?"

அவரை அவள் 'நீங்க' என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஜார்லத்துக்கும் அது உறைத்திருக்க வேண்டும். காது சிவந்துவிட்டது.

"என் எஞ்சின் சாகணும்னு கையெழுத்து வாங்கின நீ. இப்ப உன் உள்பாவாடை துவைக்கத் தண்ணி காய்ச்ச நான் வரணுமா?"

"எஞ்சின் சாகணும்னுதான் வாங்கினேன். நீங்க போகணும்னு வாங்கல."

"ரெண்டும் ஒண்ணுதான் சின்யோரா" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிக்கொண்டார்.

நியூ ஜெர்சிக்குப் போய்விட்டார். விடியுமுன் படகுத்துறைக்கு நடந்து, ஆற்றைக் கடந்து, இருட்டியபின் திரும்பினார். அங்கேயும் ஒருநாள் தார்ப்பாய் போர்த்திய ஒரு பெட்டியைப் படகில் ஏற்றுவதைப் பார்த்தாராம், புரூக்ளின் பக்கம் போவதற்கு. "ஒண்ணொண்ணா வந்துக்கிட்டே இருக்குடா" என்று என்னிடம் சொன்னார். அதற்குள் இடுப்பு அவரை வளைத்துவிட்டது. ஒரு சனிக்கிழமை மதியம் தன் மண்வாரியைத் தோளில் போட்டுக்கொண்டு நுன்சியாவின் புதுக் கடைக்குள் நுழைந்தார்.

"பாய்லர் எங்க?" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அவர் அதைப் பிரித்துச் சுத்தம் செய்தார், கசிந்த குழாய்களை மாற்றினார், புகையில்லாத கடினக் கரி வரவழைத்தார். மாதங்கள் போயின. ஆட்டோவும் நானும் பெட்டியோடு பழகிவிட்டோம். உள்ளே காது அடைக்கும் சத்தம், கோடையில் அடுப்பு மாதிரி சூடு. ஆனால் கரி இல்லை, சாம்பல் இல்லை, தண்ணீருக்காக நிற்க வேண்டியதில்லை. ஆட்டோ வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்கு வரத் தொடங்கினார். ஜார்லத் மட்டும் அந்த வேலிப்பக்கம் பார்ப்பதில்லை.

அடுத்த வருடக் குளிர்காலம், ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை, ஆற்றின் ஓரமே உறைந்துவிட்டது. குளிர் கடுமையானால் பெட்டியின் தண்ணீரை முந்தின நாளே வடித்துவிடுவோம், கூரைக் குழாய் வெடிக்காமலிருக்க. காலையில் கொட்டகையில் சுடவைத்து ஊற்றினால்தான் உயிர் வரும். அன்று பார்த்து கொட்டகையின் தண்ணீர்க்குழாயே உறைந்து பிளந்துவிட்டது. படகிலோ உயிர்க்கோழிகள் நிறைந்த வேகன்கள், கம்பி வலைக்குள் ஆயிரக்கணக்கில். கூடவே வந்த கோழிக்காரர் அயோவாவிலிருந்து அவற்றைத் தூங்காமல் காப்பாற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"சத்தம் குறையுதுங்க" என்றார் அவர், அழாத குறையாக. "சத்தம் குறைஞ்சா சாகுதுன்னு அர்த்தம். கிடங்குக்குள்ள கொண்டுபோயிட்டாப் போதும், அடுப்பு இருக்கு."

ஆட்டோ என்னைப் பார்த்தார். நான் வேலியைத் தாண்டிக் குதித்து ஓடினேன்.

சலவைக் கடைக்குள் அடர்த்தியான நீராவி. ஜார்லத் சட்டைக்கையை மடித்துக்கொண்டு பாய்லர் முன்னால் உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். அவர் எழுந்திருக்கவில்லை. நான் கெஞ்சப் போகிறேன் என்று நினைத்தபோது, அவர் நுன்சியாவைப் பார்த்துக் கேட்டார்:

"இன்னிக்குப் பெரிய துவைப்பு. சுடுதண்ணி எல்லாத்தையும் குடுத்துட்டா மத்தியானம் வரைக்கும் உனக்கு ஒண்ணும் இருக்காது. என்ன சொல்ற?"

"துணி எங்க ஓடிடப் போகுது? கோழி செத்துடும்ல" என்றாள் நுன்சியா. பிறகு உள்ளே பார்த்துக் கத்தினாள். "ஏய் பொண்ணுங்களா! வாளி, தவலை, பால்கேன், எது இருக்கோ எடுங்க!"

வேலியில் இரண்டு பலகையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கடையிலிருந்து பெட்டிவரை வரிசையாக நின்றோம். சலவைப் பெண்கள், படகுக்காரர்கள், கோழிக்காரர், எதிர்வீட்டுத் தையல்காரர். ஆவி பறக்கும் வாளிகள் கைமாறி வந்தன. சிந்திய தண்ணீர் காலடியிலேயே உறைந்தது. ஒருத்தி வழுக்கி விழுந்து சிரித்தாள், எழுந்து மறுபடி நின்றாள். கடையில் ஜார்லத் நெருப்பைத் தளரவிடாமல் கரி போட்டுக்கொண்டே இருந்தார். கடைசி வாளியை அவரே தூக்கிக்கொண்டு வந்தார். ஏணியில் ஏறி ஊற்றினார். இறங்கியவர், ஒரு கணம் தயங்கிவிட்டு, முதல்தடவையாக அந்தப் பெட்டியின் கதவைத் திறந்து உள்ளே போனார்.

ஆட்டோ முயன்றார். ஒரு இருமல், இன்னொரு இருமல், அப்புறம் மௌனம். மறுபடி முயன்றார். பெட்டி உலுக்கிக்கொண்டு, நீலப் புகையைத் துப்பி, உறுமத் தொடங்கியது. தெருவில் யாரோ தொப்பியை வீசினார்கள். நான் படகுக்கு ஓடி வேகன்களைக் கோர்த்தேன். மேட்டில் ஏறும்போது கோழிகள் ஒன்றாகக் கத்த ஆரம்பித்தன; அவ்வளவு இனிமையான சத்தத்தை நான் கேட்டதேயில்லை. கோழிக்காரர் நுன்சியாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

ஜார்லத் பெட்டியைவிட்டு இறங்கி வந்தபோது முகமெல்லாம் எண்ணெய்.

"எப்படி இருக்கு உள்ள?" என்று கேட்டேன்.

"காது போயிடும். உக்கார ஒழுங்கா ஒரு இடம் இல்ல." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா இதும் காலையில சூடா ஏதாச்சும் குடிச்சாத்தான் எழுந்திரிக்குது, என்னை மாதிரி."

நுன்சியா இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரன் துணியால் அவர் கன்னத்தைத் துடைக்க வந்தாள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் விலகவில்லை.

"மீசையை மறுபடி வளக்காதீங்க" என்றாள் அவள். "இப்பத்தான் மூஞ்சி இருக்கிறதே தெரியுது."

"வளத்தா?"

"பாய்லரை நானே பாத்துக்குவேன்."

அவர் வளர்க்கவில்லை. ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணம். எந்தக் கோயிலில் என்று ஐரிஷ்காரர்களும் இத்தாலியர்களும் அடித்துக்கொண்டார்கள். கடைசியில் அவள் சொன்ன இடத்தில்தான் நடந்தது. ஆட்டோ மாப்பிள்ளைத் தோழர். மதுவிலக்குச் சட்டம் அனுமதிக்காத ஒரு பீப்பாய் எங்கிருந்தோ வந்தது, எங்கிருந்து என்று யாரும் கேட்கவில்லை.

குளிர்காலங்களில் எங்கள் பெட்டிக்கு முதல் சுடுதண்ணீர் சலவைக் கடையிலிருந்துதான் என்று வழக்கமாகிவிட்டது. வேலியில் பிடுங்கிய பலகைகளை யாரும் திரும்ப அடிக்கவேயில்லை. ஜார்லத்தின் இருமல் இரண்டாவது வருடத்தில் குறைந்து, மூன்றாவது வருடத்தில் நின்றுபோனது. கடைக்குப் பதினோரு பெண்கள் வேலைக்கு வந்தார்கள். கோடை ஞாயிறுகளில் நாங்கள் எல்லோரும் பக்கத்துக் கடலோரத்தில் இருந்த சிட்டி தீவுக்குப் போவோம். நுன்சியா சிப்பியைப் பூண்டு போட்டு வேகவைப்பாள். ஜார்லத் கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டுத் தண்ணீரில் நிற்பார், ஆட்டோ அவருக்கு நீந்தக் கற்றுக்கொடுக்கப் பார்ப்பார். அவர் கடைசிவரை கற்றுக்கொள்ளவில்லை. ஆனால் ஒவ்வொரு வாரமும் இன்னும் கொஞ்சம் ஆழத்துக்குப் போய் நின்றார்.