ஏணியின் நெற்றியில் வைத்த சந்தனம்

அலுமினியம் விரலை நசுக்கும்போது பெரிய சத்தம் வராது. வந்திருந்தாலும் எங்களுக்குக் கேட்டிருக்காது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

அப்பாவும் சித்தப்பாவும் அன்னவாசல் பக்கம் மைக் செட் வைத்திருக்கிறார்கள். முன்பெல்லாம் நீள மூங்கில் ஏணியை வண்டிக்கு மேல் கட்டிக்கொண்டு, வளைவுக்கு வளைவு யார் மண்டையாவது உடையுமோ என்று பயந்துகொண்டே போவார்கள். மடக்கு ஏணி வாங்கச் சொல்லி நச்சரித்தது நான். நான்காக மடித்தால் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவில் படுத்துக்கொள்ளும். பாதியில் மடக்கினால் தானே நிற்கும். முழுதாக நீட்டினால் மரத்தில் சாய்க்கலாம். பலகை போட்டால் மேடை. பொன்னமராவதி ஹார்டுவேர் கடையில் அதைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

அதில் கவனிக்க வேண்டியது மூட்டு ஒன்றைத்தான். மடங்கும் இடங்களில் இரண்டு பக்கமும் இரும்பு வட்டு இருக்கும். ஏணியை விரித்ததும் வட்டின் ஓட்டைக்குள் பூட்டு ஊசி 'டக்'கென்று விழ வேண்டும். நிற்கவைக்க ஓர் ஓட்டை, நீட்ட வேறோர் ஓட்டை. இரண்டு பக்கமும் சத்தம் கேட்காமல் ஏறக்கூடாது என்று எல்லோருக்கும் பாடம் எடுத்தேன்.

"ஏணியில ஏற இவ டிகிரி கேப்பாபோல" என்றான் அண்ணன்.

அவன் போலீஸ் வேலைக்கு எழுதித் தேறியிருந்தான். கயிறு ஏறும் தேர்வுதான் பாக்கி. புளியமரத்தில் கயிறு கட்டித் தினமும் காலையில் ஏறுவான். உள்ளங்கை செருப்புத் தோல் மாதிரி ஆகிவிட்டது. அந்த இரண்டு கைகளை நம்பித்தான் வீட்டில் மற்ற பேச்செல்லாம் நடந்தது.

ஆயுத பூஜைக்கு சித்தப்பாதான் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார். ஆம்ப்ளிஃபயர், குழாய் ஸ்பீக்கர், சுத்தியல், வண்டி, எல்லாம் முடிந்து புது ஏணியிடம் வந்து யோசித்தார்.

"இதுக்கு நெத்தி எங்கிட்டுத்தா இருக்கு?"

"மூணு மூட்டு இருக்குல்ல, மூணு நெத்தியா வச்சிக்கங்க" என்று அண்ணன் சிரித்தான்.

வட்டுகள் முகம் மாதிரித்தான் இருந்தன. சித்தப்பா ஒவ்வொன்றிலும் கட்டைவிரலால் சந்தனத்தை அழுத்தி அப்பி, மேலே குங்குமம் வைத்தார். பூஜைப் பொட்டை எங்கள் வீட்டில் துடைக்க மாட்டோம். தானாக உதிர வேண்டும். அதற்குப் பிறகு நடந்த வேலைகளில் ஏணியை நிற்கவைத்துத்தான் ஏறினோம். ஒன்றும் ஆகவில்லை.

ஐப்பசியில் குளத்தூர் பக்கம் ஒரு கல்யாண வீடு. வண்டி நின்றதும் முதல் வேலை பாட்டுப் போடுவது. குழாய் ஸ்பீக்கரை மரத்தில் கட்டுவதெல்லாம் அப்புறம். மைக் செட் வந்துவிட்டது என்று ஊருக்குத் தெரிய வேண்டும். அப்பா பாட்டைப் போட்டுவிட்டார். சித்தப்பா ஏணியை முழுதாக நீட்டித் தென்னையில் சாய்த்தார். நான் வண்டிக்குள் வயர் பிரித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினான்.

நடு மூட்டைத் தாண்டும்போது ஒரு பக்கம் விட்டுக்கொடுத்தது. ஏணி முறுக்கிக்கொண்டு கத்தரிக்கோல் போல மடங்கியது. வலது கை உள்ளே சிக்கியிருக்க, அவன் முழு எடையும் அந்தக் கையில் தொங்கியது. அவன் வாய் திறந்திருப்பது தெரிந்தது, குரல் கேட்கவில்லை. அப்பா பாய்ந்து வயரைப் பிடுங்கினார். பாட்டு நின்ற பிறகுதான் அவன் கத்திக்கொண்டிருப்பது எல்லோருக்கும் கேட்டது. வித்தை என்று நினைத்துக் கைகொட்டிச் சிரித்துக்கொண்டிருந்த கல்யாண வீட்டுப் பிள்ளைகள் அப்படியே நின்றார்கள். மூன்று பேர் இழுத்துத்தான் ஏணி வாயைத் திறந்தது. இரத்தம் அலுமினியத்தில் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு ஓடியது.

அப்பா அவனைப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். சித்தப்பா கடப்பாரையை எடுத்து ஏணியை அடித்தார். படிகள் நெளிந்தன. அடிக்க அடிக்க அது மணி போல ஒலித்தது. அது அவருக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

மறுநாள் கடை திறந்ததும் பொன்னமராவதியில் இருந்தோம். நெளிந்த ஏணியைத் தெருவில் வீசிவிட்டு, சித்தப்பா கடைக்காரரைக் கல்லாவுக்கு மேலாகவே சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"டூப்ளிகேட்ட விப்பியாடா? எம் பிள்ளை கை போச்சுடா."

"அண்ணே, கைய எடுங்கண்ணே. கம்பெனி ஐட்டம்ணே..."

முதல் குத்திலேயே மூக்கு உடைந்தது. வேலையாட்கள் ஓடிவந்து சித்தப்பாவை இரும்புக் குழாயால் முதுகில் அடித்தார்கள். அவர் பிடியை விடவில்லை. பெயிண்ட் டப்பாக்கள் சரிந்து உருண்டன.

நான் தெருவில் உட்கார்ந்து ஏணியின் நடு மூட்டை நீட்டி விரித்துப் பார்த்தேன். ஒரு பக்கம் 'டக்'. மறுபக்கம் ஊசி நுனி மட்டும் போய் நின்றது. நீட்டுவதற்கான ஓட்டைக்குள் மஞ்சளாக ஏதோ இருந்தது. கொண்டை ஊசியால் குத்தினேன். காய்ந்து கல்லாகிப்போன சந்தனக் கட்டி ஒன்று என் உள்ளங்கையில் விழுந்தது. ஒரு பக்கத்தில் குங்குமச் சிவப்பு.

"சித்தப்பா" என்று அதை நீட்டினேன். அவர் கை ஓங்கியபடியே இருந்தது. பார்த்தார். கட்டைவிரல் ரேகைகூட அதில் பதிந்திருந்தது. கடைக்காரரின் சட்டையை விட்டுவிட்டு, அந்த விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வாசற்படியில் உட்கார்ந்தார். வேலையாள் ஒருவன் பின்னாலிருந்து இன்னும் ஓர் அடி வைத்தான். அவர் திரும்பக்கூட இல்லை.

அண்ணனிடம் சொல்லவேண்டாம் என்றுதான் அப்பா சொன்னார். கட்டோடு அண்ணன் வீட்டுக்கு வந்த அன்று சித்தப்பாவே அவன் எதிரில் போய் நின்று சொல்லிவிட்டார். ஆள்காட்டி விரல் பாதிதான் இருந்தது. பக்கத்து இரண்டு விரல்களில் கம்பி போட்டிருந்தார்கள்.

அண்ணன் எழுந்து அடித்தான். இடது கையால் அல்ல, கட்டுப் போட்ட கையால். ஒன்று, இரண்டு. துணியில் சிவப்பு பரவியது. அம்மா அலறிக்கொண்டு நடுவில் விழுந்தாள்.

"விடுங்க அண்ணி" என்றார் சித்தப்பா. "அடிடா. இன்னும் அடி."

அவன் மறுபடி ஓங்கினான். ஓங்கிய இடத்திலேயே நின்றது கை. குத்துவதற்காக விரல்களை இறுக்கப் பார்த்தான். அவை வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் முயன்றான். கட்டுக்குள் எதுவும் அசையவில்லை.

வாசலுக்கு வெளியே, புளியமரத்தில், கயிறு அவன் கட்டியபடியே தொங்கிக்கொண்டிருந்தது. கையைக் கீழே போட்டுவிட்டு அதைத்தான் பார்த்தான்.

"அத அவுத்துருங்க சித்தப்பா" என்றான்.